இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால்...

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் உலோகத்தை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். பட்டாணி அளவு துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் அது அங்குமிங்கும் ஓடி, வெளிர் ஊதா நிறச் சுடருடன் எரிந்துவிடும். இந்த முரட்டு உலோகம் வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ நூறு கிராம் இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

உடலில் இருப்பது உலோகப் பொட்டாசியம் அன்று, பொட்டாசியம் அயனி. வெளிச்சுற்றில் இருந்த ஒற்றை எலக்ட்ரானை இழந்துவிட்டதால் அதன் முரட்டுத்தனம் அடங்கி, ஒரு நேர் மின்னூட்டத்துடன் நீரில் அமைதியாகக் கரைந்திருக்கிறது. ஆனால் இந்தச் சாதுவான அயனியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய அளவில் இருந்தால்தான் நமக்கு நண்பன். இரத்தத்தில் அதன் அளவு மிகுந்துவிட்டால் இதயத்தையே நிறுத்திவிடும். அது ஏன், எதனால் அவ்வாறு மிகுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். இது மருத்துவப் பாடம்போலத் தோன்றினாலும், இதன் அடிப்படை நீங்கள் படிக்கும் பௌதிகமும் மடக்கைக் கணக்கும்தான்.

எவ்வளவு? எங்கே?

மரக்கட்டையையோ செடிகொடிகளையோ எரித்த சாம்பலை நீரில் கரைத்து, அந்நீரைப் பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்கு ஐரோப்பியர் 'பொட்டாஷ்' என்று பெயரிட்டனர். 'பானைச் சாம்பல்' என்பதே அதன் பொருள். உருக்கிய பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்தி, 1807-ஆம் ஆண்டு ஹம்ப்ரி டேவி புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். பொட்டாஷிலிருந்து கிடைத்ததால் அது பொட்டாசியம் ஆயிற்று. சாம்பலில் அது இருக்கிறது என்றால் செடியிலும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆம். காய், கனி, கீரை, பருப்பு, கிழங்கு என்று நாம் உண்ணும் தாவர உணவு எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3000 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தின் அணு எடை 39. ஆகவே ஒரு மில்லிமோல் என்பது 39 மில்லிகிராம். மொத்தம் 117 கிராம் ஆகிறது.

இது உடல் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஏறக்குறைய 98 விழுக்காடு செல்களுக்குள்ளே இருக்கிறது. செல்லுக்குள் உள்ள திரவத்தில் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே உள்ள திரவத்திலும் இரத்த நீரிலும் லிட்டருக்கு 4 மில்லிமோல்தான். செல்களுக்கு வெளியே உள்ள திரவம் மொத்தம் 12 லிட்டர் என்று கொண்டால், அதிலுள்ள பொட்டாசியம் 48 மில்லிமோல், அதாவது இரண்டு கிராமுக்கும் குறைவு!

பெரிய ஏரி ஒன்றின் கரையடியில் ஒரு சிறு குட்டை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஏரி என்பது செல்கள்; குட்டை என்பது இரத்தமும் செல்களைச் சூழ்ந்த திரவமும். குட்டையின் நீர்மட்டம் சிறிதும் ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். நலமுள்ளவரின் இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். 5.5-ஐத் தாண்டினால் மிகை என்பர். 6.5-ஐத் தாண்டினால் உடனே சிகிச்சை தேவைப்படும் ஆபத்து. சில ஆய்வுக்கூட அறிக்கைகளில் மில்லிமோல் என்பதற்குப் பதிலாக மில்லி ஈக்விவலண்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். பொட்டாசியம் அயனியின் மின்னூட்டம் ஒன்று என்பதால் இரண்டும் ஒரே எண்தான்.

ஒவ்வொரு செல்லும் ஒரு மின்கலம்

உள்ளே 140, வெளியே 4 என்ற இந்த வேற்றுமை எப்படி நிலைத்து நிற்கிறது? செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் கோடிக்கணக்கான நுண் பம்புகள் பொதிந்துள்ளன. ஒவ்வொரு பம்பும் ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. டென்மார்க் நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கௌ, நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957-இல் இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புகளை இயக்கவே போய்விடுகிறது.

இனிப் பௌதிகத்துக்கு வருவோம். ஓய்வாக இருக்கும் செல்லின் சவ்வில் பொட்டாசியம் மட்டும் எளிதில் கடக்கக்கூடிய நுண்துளைகள் திறந்திருக்கின்றன. செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்குப் பரவுவது அயனிகளின் இயல்பு. ஆகவே பொட்டாசியம் வெளியே கசிகிறது. ஒவ்வொரு அயனியும் ஒரு நேர் மின்னூட்டத்தைச் சுமந்து செல்வதால் சவ்வின் உட்புறம் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. எதிர் மின்னூட்டமோ நேர் அயனிகளை உள்ளே திரும்ப இழுக்கும். வெளியே தள்ளும் பரவலும் உள்ளே இழுக்கும் மின்விசையும் சமமாகும்போது கசிவு நிற்கிறது. அந்நிலையில் சவ்வின் இரு புறங்களுக்கும் இடையே ஒரு மின்னழுத்த வேற்றுமை நிலைத்து நிற்கும்.

இதைக் கணக்கிடும் வாய்பாட்டை ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-இல் தந்தார். உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியசில் அது இவ்வளவுதான்:

மின்னழுத்த வேற்றுமை (மில்லிவோல்ட்) = 61.5 × மடக்கை (உள்ளே உள்ள செறிவு ÷ வெளியே உள்ள செறிவு)

மடக்கை அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 140 ÷ 4 = 35. இதன் மடக்கை 1.544. இதை 61.5-ஆல் பெருக்கினால் 95 மில்லிவோல்ட். இதயத் தசைச் செல்லில் நுண்ணிய மின்வாயைச் செருகி அளந்தால் கிடைப்பதும் ஏறக்குறைய 90 மில்லிவோல்ட்தான். உட்புறம் எதிர் மின்னழுத்தம்.

95 மில்லிவோல்ட் என்றால் அற்பம் என்று நினைத்துவிடாதீர்கள். சவ்வின் தடிமன் ஒரு மீட்டரைப் பல கோடிக் கூறுகளாக்கியதில் ஒரு கூறு. சுமார் 7 நானோமீட்டர். மின்னழுத்தத்தைத் தடிமனால் வகுத்தால் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 1.36 கோடி வோல்ட் வருகிறது. உலர்ந்த காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 இலட்சம் வோல்ட் போதும். அதைப்போல நான்கு மடங்கு மின்புலத்தை நம் செல்லின் சவ்வு ஓசையின்றித் தாங்கி நிற்கிறது.

வெளியே சிறிது மிகுந்தால்

இப்பொழுது வெளிச்செறிவை மட்டும் உயர்த்திப் பார்ப்போம்.

வெளியே 4 எனில் 95 மில்லிவோல்ட்
வெளியே 5 எனில் 89 மில்லிவோல்ட்
வெளியே 7 எனில் 80 மில்லிவோல்ட்
வெளியே 10 எனில் 70.5 மில்லிவோல்ட்

உள்ளே 140 என்பது 150 ஆனாலும் மின்னழுத்தத்தில் பெரிய மாற்றமில்லை. இரண்டு மில்லிவோல்ட்கூட ஏறாது. வெளியே 4 என்பது 7 ஆனாலோ 15 மில்லிவோல்ட் சரிந்துவிடுகிறது. வகுத்தலில் கீழே உள்ள எண் சிறியது என்பதே காரணம். இரத்தத்தில் ஏறும் இரண்டு மூன்று மில்லிமோலுக்கு மருத்துவர் பதறுவது ஏன் என்று விளங்குகிறதா?

இந்தச் சரிவால் இதயத்துக்கு நேரும் கேட்டை அறிய எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். எலிப்பொறி ஒரு முறை 'டப்' என்று அடிக்க வேண்டுமானால், முதலில் அதன் கம்பியை முழுவதும் பின்னுக்கு இழுத்து மாட்ட வேண்டும். இதயத் தசையில் அந்த அடியைத் தருபவை சோடியம் கதவுகள். செல்லுக்குத் தூண்டுதல் வந்ததும் இக்கதவுகள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, ஒரு மின்துடிப்பு எழுகிறது. அத்துடன் கதவுகள் தாமாகவே தாழிட்டுக்கொள்ளும். சவ்வின் மின்னழுத்தம் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அந்தத் தாழ் விலகும்.

பொட்டாசியம் சற்றே மிகுந்த நிலையில் கம்பி பாதி வழுக்கிய எலிப்பொறி போலச் செல் எளிதில் தூண்டப்படக்கூடியதாக இருக்கும். மேலும் மிகுந்தால் மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. கதவுகளில் பல தாழிட்டபடியே நின்றுவிடுகின்றன. மின்துடிப்பு வலுவிழந்து மெதுவாகப் பரவுகிறது. இ.சி.ஜி. படத்தில் முதலில் 'டி' அலை கூடாரம்போலக் கூர்மையாக உயர்கிறது. பிறகு அலைகள் அகன்று, ஒன்றோடொன்று கலந்து, நீங்கள் முக்கோணவியலில் வரையும் சைன் வளைவுபோல ஆகிவிடுகின்றன. அடுத்து இதயம் நிற்கும். இவ்வளவும் நடக்கும்வரை நோயாளிக்குச் சிறிது தசைத் தளர்ச்சியைத் தவிர வேறு அறிகுறியே தோன்றாமல் இருக்கலாம். இதுதான் இதன் பெரிய ஆபத்து.

இதே விளைவை அறுவை மருத்துவர்கள் நன்மைக்கும் பயன்படுத்துகின்றனர். திறந்த இதய அறுவையின்போது துடிக்கும் இதயத்தில் தையல் போடுவது கடினம். 1955-இல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் பொட்டாசியக் கரைசலால் இதயத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் முறையை வெளியிட்டார். அளவுகளும் கலவையும் பின்னர்த் திருத்தப்பட்டு, இன்றும் அந்த வழி கையாளப்படுகிறது. வேலை முடிந்து நல்ல இரத்தம் பாய்ந்ததும் இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கும்.

ஏன் மிகுகிறது?

குட்டையில் நீர்மட்டம் உயர மூன்று வழிகள்தான் உண்டு. வெளியேறும் மதகு அடைபடலாம், ஏரிக்கரை உடையலாம், வரத்து மிகலாம்.

முதலாவது, மதகு அடைபடுதல். நாம் உண்ணும் பொட்டாசியத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. ஒரு நாளில் வயது வந்தவர் 3.5 கிராமாவது, அதாவது 90 மில்லிமோல் பொட்டாசியம் உண்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குட்டையில் மொத்தம் இருப்பதே 48 மில்லிமோல்! ஆகவே சிறுநீரகம் பழுதுபட்டால் மட்டம் ஏறுவதில் வியப்பில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. மதகைத் திறக்கச் சொல்லிக் கட்டளையிடுவது அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன். அச்சுரப்பி நலிந்துபோகும் அடிசன் நோயிலும் பொட்டாசியம் தேங்கும். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் சில நல்ல மருந்துகளும் இக்கட்டளையைத் தடுப்பவை. அதனால்தான் அவற்றை உண்பவர்களை இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கின்றனர்.

இரண்டாவது, கரை உடைதல். சாப்பிட்டவுடன் கணையம் சுரக்கும் இன்சுலின், சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவதோடு பொட்டாசியத்தையும் உள்ளே தள்ளுகிறது. இன்சுலின் இல்லாத கடும் நீரிழிவு நிலையில் பொட்டாசியம் செல்களிலிருந்து வெளியே வந்துவிடும். இரத்தத்தில் அமிலம் மிகும்போதும் இவ்வாறே நிகழலாம். தீக்காயம், தசை நசுங்குதல், இரத்தச் சிவப்பணுக்கள் பெருமளவில் உடைதல் ஆகியவற்றில் செல்களே உடைந்து உள்ளிருப்பதைக் கொட்டிவிடுகின்றன.

மூன்றாவது, வரத்து மிகுதல். ஓர் இளநீரில் 15 மில்லிமோல் பொட்டாசியம் இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் 12 லிட்டர் திரவத்திலேயே தங்கிவிட்டால் செறிவு 1.25 உயரும், 4 என்பது 5.25 ஆகும். ஆனால் நலமுள்ளவருக்கு அவ்வாறு ஆவதில்லை. இன்சுலின் உடனே ஒரு பங்கைச் செல்களுக்குள் ஒதுக்கிவைக்கிறது. மிகுதியைச் சில மணி நேரத்தில் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. எனவே நம்மைப் போன்றவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் கீரையும் நல்ல உணவுகளே. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டு ஏற்கெனவே 5.5-இல் இருப்பவருக்கு, 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று அன்போடு சீவிக் கொடுக்கும் இளநீர் நஞ்சாகிவிடலாம். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் மாற்று உப்புகளும் அத்தகையவையே. அவற்றில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும்.

லண்டன் இடிபாடுகள் கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப் போரில், 1940-41-இல், ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது குண்டு வீசின. இடிந்த வீடுகளின் அடியில் கைகால் நசுங்கிப் பல மணி நேரம் கிடந்தவர்களை உயிருடன் மீட்டனர். மீட்டபோது அவர்களிற் சிலர் நன்றாகவே இருந்தனர், பேசினர். பின்னர் நசுங்கிய உறுப்பு வீங்கிற்று. சிறுநீர் பழுப்பு நிறமாகிக் குறைந்தது. ஒரு வாரத்துக்குள் இறந்தனர். எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்னும் இருவர் இத்தகைய நான்கு நோயாளிகளைப் பற்றி 1941 மார்ச்சில் விரிவாக எழுதினர்.

நடந்தது என்ன? ஒரு கிலோ தசையில் சுமார் 100 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. அரைக் கிலோ தசை சிதைந்து அதிலுள்ளது அனைத்தும் ஒரே நேரத்தில் வெளிவந்தால் 50 மில்லிமோல். அதை 12 லிட்டரால் வகுத்தால் 4-க்கு மேல். அதாவது இரத்தப் பொட்டாசியம் 4-இலிருந்து 8-ஆக இரட்டிக்கும்! உறுப்பின்மீது பாரம் இருக்கும்வரை அங்கே இரத்த ஓட்டம் இல்லை. பொட்டாசியமும் அங்கேயே அடைந்து கிடக்கும். பாரத்தைத் தூக்கியதும் வெள்ளம் பாய்கிறது. போதாக்குறைக்குத் தசையிலிருந்து வரும் நிறமிப்பொருள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துக்கொள்கிறது. கரையும் உடைந்து, மதகும் அடைபட்டால் குட்டை என்னாவது?

1988 டிசம்பரில் ஆர்மீனியாவிலும் 1999 ஆகஸ்டில் துருக்கியிலும் நேர்ந்த நிலநடுக்கங்களிலும் இதே துன்பம் காணப்பட்டது. இன்று பயிற்சி பெற்ற மீட்புக் குழுவினர், கூடுமானால் இடிபாட்டைத் தூக்குவதற்கு முன்பே, சிக்கியவரின் நரம்பில் உப்புநீர் ஏற்றத் தொடங்கிவிடுகின்றனர். சிறுநீரகக் குழாய்கள் அடைபடாமல் கழுவிவிடவே இந்த ஏற்பாடு.

அளப்பது எப்படி?

பொட்டாசியத்தின் ஊதாச் சுடரே முன்பு அதை அளக்கப் பயன்பட்டது. இரத்த நீரைச் சுடரில் தெளித்து, 766 நானோமீட்டர் அலைநீளத்தில் வெளிப்படும் ஒளியின் செறிவை அளந்தனர். இக்காலத்தில் பெரும்பாலும் பொட்டாசியத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் சவ்வுடைய மின்வாய் பயன்படுகிறது. அது தரும் மின்னழுத்தத்திலிருந்து நெர்ன்ஸ்ட் வாய்பாட்டால் செறிவைக் கணக்கிடுகின்றனர். இயற்கை செல்லில் செய்ததையே மனிதன் கருவியில் செய்திருக்கிறான்!

ஓர் எச்சரிக்கை. இரத்தம் எடுக்கும்போது கையை நெடுநேரம் இறுகக் கட்டினாலோ, முட்டியைத் திரும்பத் திரும்ப மடக்கி விரித்தாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். உயர்வு உடலில் இல்லை, குழாயில்தான். ஐயம் எழுந்தால் மருத்துவர் இ.சி.ஜி. பார்த்து, மீண்டும் இரத்தம் எடுக்கச் சொல்வார்.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் கால்சியம் ஊசி. இது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத்துக்குத் தற்காலிகக் கேடயமாக நிற்கிறது. தவளையின் இதயம் சீராகத் துடிக்கக் கால்சியமும் பொட்டாசியமும் தக்க அளவில் வேண்டும் என்று 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் காட்டினார். மருத்துவமனைகளில் ஏற்றும் 'ரிங்கர் கரைசல்' அவர் பெயரால் அமைந்ததே. அடுத்து, இன்சுலினைக் குளுக்கோசுடன் செலுத்திப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுவர். இது ஏரிக்கே திருப்பி அனுப்புவது. கடைசியாக, மருந்தாலோ டயாலிசிஸ் எந்திரத்தாலோ உடலைவிட்டே வெளியேற்றுவர். நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் 1943-இல் அமைத்த செயற்கைச் சிறுநீரகத்தில் பயன்பட்டதும் மெல்லிய சவ்வின் வழியே நிகழும் பரவல்தான்.

வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால் நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீரோடு போய்விடும். அதுவும் பரவலே! சத்து போய்விடுகிறதே என்று வருந்தி அந்நீரை ரசத்தில் சேர்ப்பவரிடம், அவருக்கு அது ஏன் ஆகாது என்று எடுத்துச் சொல்லுங்கள். எதை உண்ணலாம், எவ்வளவு உண்ணலாம் என்பதை மட்டும் அவருடைய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. கடும் வயிற்றுப்போக்கால் ஒருவரின் இரத்தப் பொட்டாசியம் 2.5 மில்லிமோலாகக் குறைந்துவிட்டது. செல்லின் உட்செறிவு 140 எனில், நெர்ன்ஸ்ட் வாய்பாட்டின்படி மின்னழுத்தம் என்ன?

2. ஆய்வுக்கூட மின்வாய் 37 டிகிரியில் இயங்குகிறது. இரத்தப் பொட்டாசியம் 4-இலிருந்து 5-ஆக உயர்ந்தால் அதன் மின்னழுத்தம் எவ்வளவு மாறும்? கருவி எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதையும் சிந்தியுங்கள்.

3. இரத்த வங்கியில் இரத்தத்தைக் குளிரில் வைக்கின்றனர். நாள் ஆக ஆக அதன் திரவப் பகுதியில் பொட்டாசியம் ஏறுகிறது. ஏன்?

விடைகள்: 1. 107.5 மில்லிவோல்ட். 2. ஏறத்தாழ 6 மில்லிவோல்ட். 3. குளிரில் சவ்விலுள்ள பம்புகள் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. கசிவு மட்டும் தொடர்கிறது.